வசதிக்கு விலை சொல்லுங்கள், சேர்ந்து கட்டுகிறோம்

பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

மளிகை, மருந்து, ஜவுளிக் கடைகளில் உங்கள் மென்பொருளை நிறுவி, பழக்கிக் கொடுத்து, பழுதும் பார்ப்பவர்கள் நாங்கள். ஒரு சிறு கடை கேட்கும் வசதியை அந்த ஒரு கடைக்காகச் செய்துதர உங்களுக்குக் கட்டுப்படியாகாது. அது நியாயமே. ஆனால் அதே வசதியை இருநூறு கடைகள் கேட்கும்போது, அவர்கள் சேர்ந்து பணம் கட்ட ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

'எந்த வசதி வேண்டும்?' என்று வாக்கெடுப்பு நடத்துவது இதற்கு ஈடாகாது. செலவில்லாத வாக்கு என்றால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் கை தூக்குவார்கள். பணம் கட்ட முன்வருபவருக்குத்தான் அது இல்லாமல் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

இது நடந்து பார்த்த வழிதான். 2002-ல் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலை மீட்டார்கள். 2013-ல், இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ மென்பொருளில் மைக்ரேஷன் வசதிக்கு (தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றிக்கொள்ளும் வசதி) 2,500 பவுண்டு கேட்டார்கள். 17,000-க்கு மேல் சேர்ந்தது. அடுத்த ஆண்டே 1.7 பதிப்பில் அது வந்துவிட்டது. கிருத்தா ஓவிய மென்பொருளுக்கு 2016-ல் எழுத்துக் கருவிக்கும், பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் வரைவுக்கும் இலக்கைத் தாண்டிப் பணம் வந்தது. ஆனால் அவை கைக்குக் கிடைத்தது 2018 மார்ச்சில், 4.0 பதிப்பில்தான். பணம் இருந்தும் வேலை இழுத்துக்கொண்டே போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சறுக்கல் பெரும்பாலும் வசதியை ஒற்றை வரியில் அறிவிப்பதில் தொடங்குகிறது. 'தமிழில் பில்' என்பதையே பாருங்கள். பணம் கட்டுபவர், ஒரு பட்டனைத் தட்டினால் தமிழ் வந்துவிடும் என்று நினைப்பார். கவுண்டரில் இருக்கும் தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே தமிழ் எழுத்துருவே கிடையாது. எழுத்தைக் கணினியிலேயே கோத்து, படமாக்கி, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். வழக்கமான 80 மி.மீ. தாளில் அகலவாக்கில் 576 புள்ளிகள், 58 மி.மீ. தாளில் 384. படமாக அனுப்பினால் சில பிரிண்டர்கள் திணறும், மாலை நேரக் கூட்டத்தில் வரிசை நீளும். அடுத்த சிக்கல், பில்லில் பெயர், அளவு, தொகை வரும் பத்திகள் (column). பொருளின் பெயரை 10 எழுத்தோடு வெட்டுவது ஆங்கிலத்தில் எளிது. தமிழில் 'ஸ்ரீ' என்பது, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் நான்கு குறிகள். குறிகளை எண்ணி வெட்டினால் 'மல்லித்தூள்' புள்ளியை இழந்து 'மல்லித்தூள' ஆகிவிடும். அளவும் தொகையும் கோணலாக நிற்கும். இதற்கு மேல், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பொருள் பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை தனி.

ஆகவே பணம் கேட்கும் முன் இதையெல்லாம் எழுதிக் காட்டுங்கள்: எந்தெந்த பிரிண்டர் மாடல், எந்தத் தாள் அகலம், 30 பொருள் உள்ள பில் எத்தனை நொடியில் வெளிவர வேண்டும், பழைய பட்டியலை மாற்றித் தருவது இதில் அடக்கமா, இல்லையா. முடிந்ததா என்று சோதித்துப் பார்க்கப் பணம் கட்டியவர்களில் ஐந்து கடைகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

விலையையும் திறந்து வையுங்கள். ஒரு பேச்சுக்கு, நிரல் எழுத 2,40,000, பிரிண்டர்கள் வாங்கிச் சோதிக்க 80,000, இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்கு 80,000 என்றால் மொத்தம் 4,00,000 ரூபாய். 200 கடைகளுக்குப் பங்கு 2,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,360. இந்தப் பராமரிப்புச் செலவைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்து அச்சு நின்றுபோனால், அதைச் சரிசெய்ய அப்போது யாரிடமும் பணம் இருக்காது.

இலக்கு எட்டும்வரை பணத்தை வாங்காதீர்கள், ஒப்புதலை மட்டும் வாங்குங்கள். சேவைக்கு முன்பணம் வாங்கினாலே ஜிஎஸ்டி கட்டும் பொறுப்பு வந்துவிடும், ரசீது வவுச்சரும் கொடுக்க வேண்டும். திட்டம் கைவிடப்பட்டால் திருப்பித் தருவதற்கு ரீஃபண்ட் வவுச்சர் வேறு. 200 கடைக்கும் இதைச் செய்து பார்த்தால் உங்கள் கணக்கர் பாடு தெரியும். வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க வேண்டாம். 2017-ல் கிருத்தா அறக்கட்டளையே எதிர்பாராத வரிக் கோரிக்கையால் ஆட்டம் கண்டது.

ஒரே வாடிக்கையாளர் மொத்தத் தொகையில் கால் பங்குக்கு மேல் போட விடாதீர்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று பாதிப் பணத்தைப் போட்டால், வசதி அவர்கள் கிளைகளுக்கு ஏற்றபடி வளைந்துவிடும்.

மென்பொருள் உங்கள் சொத்தாகவே இருக்கப்போகிறது. அதனால் பணம் போட்டவர்களிடம் அந்த வசதிக்கு மறுபடி காசு கேட்கக் கூடாது. 'பிரீமியம்' திட்டத்துக்கு அதை நகர்த்தவும் கூடாது. இலக்கு எட்டாவிட்டால் ஒப்புதல் 60 நாளில் தானாகக் காலாவதியாகட்டும். எட்டியும் சொன்ன தேதியிலிருந்து ஆறு மாதம் தாண்டிவிட்டால், கேட்பவருக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். மென்பொருள் வேலையை முடித்துத் தருபவருக்குக் கொடுக்கப் பயனர்களிடம் பணம் திரட்டும் தளமான பவுண்டிசோர்ஸ், 2020-ல், இரண்டு ஆண்டு யாரும் கோராத தொகையைத் தானே வைத்துக்கொள்வதாக விதியை மாற்றப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. அந்தப் பணம் யாருடையது என்பதை நீங்கள் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

தொடங்க ஒரே ஒரு வசதி போதும். தமிழ் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையில் எந்த பிரிண்டர் ஓடுகிறது என்ற பட்டியலை எங்களால் தர முடியும்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளைக் கடைகளில் நிறுவிப் பராமரிப்பவர்கள்