தங்கச்சியை இப்போது அனுப்ப வேண்டாம்

எலிசபெத் தெரு, நியூயார்க்
1912 பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு ஒன்பது வயதாகிவிட்டது, பக்கத்து வீட்டார் இத்தாலியிலிருந்து கப்பலேறும்போது அவளையும் சேர்த்து அனுப்பட்டுமா, உனக்கு ஒத்தாசையாக இருப்பாளே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. பாதிரியார் இதைப் படித்துக் காட்டும்போது அப்பாவும் கூட இருக்கட்டும்.

நாங்கள் இருப்பது நாலாம் மாடி. மூன்று அறையில் தெருப்பக்கத்து அறைக்கு மட்டும்தான் வெளிச்சம். உள்ளறைச் சுவரிலும் ஜன்னல் உண்டு, ஆனால் அது அடுத்த அறைக்குள் திறக்கிறது. உள்ளறைக்கும் ஜன்னல் வேண்டும் என்ற 1901 குடியிருப்புச் சட்டத்துக்காக வீட்டுக்காரர் வெட்டி வைத்தது அது.

சமையலறை மேசைதான் பட்டறை. ஈஸ்டர் தொப்பிகளுக்கு இப்போது துணியில் வயலட் பூ செய்கிறோம். நாலு வயதுச் சின்னவன் ஒட்டிக்கிடக்கும் இதழ்களைப் பிரித்துப் போடுவான். பெரியவள் கம்பிக் காம்பில் பசை தொட்டுச் செருகுவாள். ஒரு குரோஸ், அதாவது 144 பூ, முடித்தால் 10 சென்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தால் அவள் எழுந்திருக்க இரவு பத்தாகும். வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

அங்கே ஆலிவ் பொறுக்குவதும் வேலைதான், தெரியும். ஆனால் பொழுது சாய்ந்தால் முடிந்துவிடும். இங்கே காஸ் விளக்கு எரிகிறவரை வேலை.

14 வயது ஆகாத பிள்ளையைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வீடு அந்தக் கணக்கில் வராது. இன்ஸ்பெக்டர் வந்தாலும் கட்டடத்துக்கு லைசென்ஸ் உண்டா, சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். மேசையைச் சுற்றி இருப்பது யார் என்று கேட்பதில்லை.

14 ஆனதும் பெரியவளைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாம் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. எனக்கு அந்த நினைப்பே ஆகாது. போன மார்ச் 25 அன்று வாஷிங்டன் சதுக்கம் பக்கத்தில் பிளவுஸ் தைக்கும் தொழிற்சாலை எரிந்து 146 பேர் போனார்களே, பாதிக் கதை கூட உங்களுக்கு எழுதவில்லை. பெரும்பாலும் யூதப் பெண்களும் நம் இத்தாலியப் பெண்களும். ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்ததாம். அப்புறம்தான் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள்.

மாப்பிள்ளைக்குச் சுரங்க ரயிலுக்குத் தோண்டும் வேலை. குளிர்காலத்தில் பாதி நாள் சும்மா இருக்கிறார். பூக்காசு இல்லையென்றால் வாடகை நிற்கும். தங்கச்சி வந்தால் நானே அவளை அந்த மேசையில் உட்கார வைப்பேன், மனசு கேட்காவிட்டாலும். அதனால்தான் சொல்கிறேன், அவள் அங்கேயே கன்னியாஸ்திரிகளிடம் படிக்கட்டும். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்கென்று 20 லீரா அனுப்புகிறேன். பக்கத்து வீட்டார் டிக்கெட் எடுப்பதற்குள் அப்பாவைப் பேசிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்