அழைப்பிதழ் விஷயமாக மகனுக்கு

786

காயல்பட்டினம்

அன்பு மகனுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். உம்மாவுக்கு முழங்கால் வலி, அது உனக்குத் தெரிந்ததுதான்.

தங்கையின் நிக்காஹ் அழைப்பிதழ் மாதிரியை அனுப்பி இத்தனை நாள் கழித்து, உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'மேலே உள்ள 786-ஐ எடுத்துவிடுங்கள், மார்க்கத்தில் ஆதாரம் இல்லை.' தேதி உனக்குத் தோதுப்படுமா என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஆதாரம் இல்லை என்று நம் பள்ளிவாசல் இமாமும்தான் சொல்கிறார். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. அலிஃபுக்கு 1, லாம் ஒவ்வொன்றுக்கும் 30, ஹாவுக்கு 5 என்று கூட்டினால் அல்லாஹ் என்ற பெயருக்கு 66 வரும். எதையும் அவன் பெயரால் தொடங்க ஓதுகிற பிஸ்மில்லாஹ் முழுவதையும் கூட்டினால் 786. அந்த எண்ணை எழுதினால் ஓதிய நன்மை கிடைக்கும் என்று நான் எப்போது சொன்னேன்? அல்லாஹ்வின் பெயர் காலில் மிதிபடக் கூடாதே என்ற பயத்தில் பெரியவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான். சுலைமான் நபி சபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதத்தில் பிஸ்மில்லாஹ் முழுதாக இருந்தது என்று நீ குர்ஆனின் நம்ல் சூராவைக் காட்டுவாய். அந்தக் கடிதம் அரசியின் கைக்குப் போனது. நம் தெருக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை, அரபு எழுத்தோடு, சாக்கடையிலிருந்து நான் எடுத்திருக்கிறேன்.

என் உம்மாவை நினைத்துப் பார். ரியாத்திலிருந்து நீ முதலில் அனுப்பிய பேரீச்சம்பழ அட்டைப்பெட்டியைக்கூட, அரபு எழுத்து இருக்கிறதே என்று எறிய விடாமல் பரணில் ஏற்றிவிட்டார். அதில் இருந்தது எடையும் கம்பெனி முகவரியும்தான். பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. அவர் மௌத்துக்கு உன்னால் வர முடியவில்லை. வேலை அப்படி, குறையாகச் சொல்லவில்லை.

உன் வெள்ளி மோதிரத்தில் அல்லாஹ்வின் பெயர் பொறித்திருக்கிறது, கழிவறைக்குப் போகும்போது கழற்றி வை.

இமாமிடம் உன் வரியைக் காட்டினேன். 'பிள்ளை விவரமாகப் படிக்கிறான்' என்றார். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் தங்கை, 'காக்கா என்ன எழுதியிருக்கிறார்?' என்று அண்ணனான உன்னைப் பற்றி வாசலிலேயே கேட்கிறாள். 786 பற்றி எழுதியிருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். இன்னும் சொல்லவில்லை.

அச்சகத்தில் சனிக்கிழமைக்குள் முடிவு கேட்கிறார்கள். வேண்டாமென்றால் எண்ணை எடுத்துவிடுகிறேன். பிஸ்மில்லாஹ்வை முழுதாகத்தான் போட வேண்டும் என்றால் போடலாம். ஆனால் நீயே வந்து வீடு வீடாகக் கொடு. கல்யாணம் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, துணியில் சுற்றி, மிதிபடாத இடத்தில் புதைக்கிற வேலையும் உன்னுடையது.

கீழே அழைப்பவர்கள் வரிசையில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அதையும் எடுக்கச் சொல்லிவிடாதே. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா? மோதிரத்தை மறக்காதே.

உன் வாப்பா