தடைக்கால வீட்டு வாசிப்பு: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள மறைக்கல்வி பெற்றோர்களுக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாக்களும் வீட்டில் இருப்பார்கள் என்பதால், ஏப்ரல் 19 ஞாயிறு இரவு 8 மணிக்கு அவரவர் வீட்டில் வாசிப்பைத் தொடங்குகிறோம். புத்தகம்: சி. எஸ். லூயிஸ் எழுதி 1950இல் வெளிவந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' (சிங்கம், சூனியக்காரி, அலமாரி). நார்னியா கதைத் தொடரில் ஒன்று.

1. வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குங்கள். தொடரின் புதிய பதிப்புகளில் இதற்கு 2ஆம் எண் இருக்கும். 1 என்று போட்டிருப்பது 1955இல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. அதில் தொடங்கினால் அலமாரி ரகசியம் முன்பே உடைந்துவிடும்.

2. மொத்தம் 17 அத்தியாயம். ஞாயிறும் புதனும் ஒவ்வொன்று. ஒரு பத்தி ஆங்கிலத்தில் வாசித்து, உடனே தமிழில் சொல்லுங்கள்.

3. 14, 15 இரண்டையும் ஒரே இரவில் முடிக்கவும். 14இல் சிங்கம் அஸ்லான் கொல்லப்படுகிறது. அங்கே நிறுத்தினால் சின்னப் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். உயிர்ப்பு 15இல்தான். இப்படிப் போனால் 16 இரவு, சரியாக 8 வாரம். ஜூன் 14 இரவு தடை முடிவதற்குள் முடிந்துவிடும்.

4. அஸ்லான் யார் என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.

5. கதையில் வரும் பனியை விளக்க, மீன் பெட்டியில் போடும் உடைத்த ஐஸைக் காட்டினால் போதும்!

சூனியக்காரி வருகிறாளே என்று சிலர் கேட்டீர்கள். கதையில் அவள் தீமையின் பக்கம், கடைசியில் தோற்கிறாள்.

பிள்ளைகளின் வயது, புத்தகம் இருக்கிறதா இல்லையா, இரண்டையும் வியாழன் இரவு 9க்குள் இங்கேயே பதிவிடவும்.