கவசத்துக்கு ஒரு வழி வையுங்கள்: வைக்கிங் கேம்களை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கேம் கலைஞர்களுக்கு,

வணக்கம். 2020 நவம்பரில் வந்த வைக்கிங் கேமான அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவில், வைக்கிங்குகளின் இடிக்கடவுளான தோரின் கவசத்தை முழுதாகச் சேர்க்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் என்னுடையது. அதில் ஒரு இரவுகூட வீண் என்று தோன்றவில்லை. இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

அந்தக் கேமில் வரும் லெரியன் என்பவனின் மகள்கள் மூவர்: கோனரில், ரீகன், கார்டீலியா. ஒவ்வொருத்தியை வீழ்த்தும்போதும் கவசத்தின் ஒரு பகுதியும் ஒரு குத்துவாளும் கிடைக்கும். மூன்று குத்துவாள்களும் சேர்ந்தால்தான் அவர்கள் தகப்பனின் நிலவறை திறக்கும். மார்புக் கவசம் உள்ளே இருக்கும். கார்டீலியாவிடம் எத்தனை முறை செத்தேன் என்று கணக்கே இல்லை. மின்னலை இறக்குவாள். ஒரு கட்டத்தில் அடிப்பதையே விட்டுவிட்டு, அவள் அசைவை மட்டும் பார்த்தபடி விலகி விலகி ஓடினேன். அப்புறம்தான் அந்தச் சண்டை பிடிபட்டது.

தலைக்கவசத்துக்கு, கேமில் எதிரிகளாக வரும் 'ஆர்டர்' என்ற ரகசியக் கூட்டத்தின் 45 பேரையும் தேடி முடித்து, அவர்களின் பதக்கங்களை நம் கூட்டாளி ஹைத்தமிடம் கொடுக்க வேண்டும். இது கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதற்குள் இங்கிலாந்தின் பாதி ஊர்கள் எனக்குத் தெருத்தெருவாகப் பழகிவிட்டன.

நார்வேயின் ஹோர்டாஃபில்கேயில், பனிமலை மேல் தோரின் சுத்தியல் கிடக்கிறது. முன்பே போய்த் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. முழுக் கவசத்தோடு போன இரவு அது கையோடு வந்தது. வைக்கிங்குகளின் நார்ஸ் புராணத்திலேயே அந்தச் சுத்தியலைப் பிடிக்கத் தோருக்கு இரும்புக் கையுறை வேண்டும். நீங்கள் போட்ட பூட்டு அந்தக் கதைக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

போன மாதம் தம்பி மகன் வேறொரு கேமில் பளபளக்கும் கவசத்தோடு நின்றான். "இது யாரோட கவசம்டா?" என்று கேட்டேன். "தெரியல பெரியப்பா, ஸ்டோர்ல இருந்துச்சு" என்றான். அவன்மேல் தப்பே இல்லை. அந்தக் கவசத்துக்குச் சொல்ல எதுவும் வைக்கப்படவில்லை.

காசுக்குக் கவசம் விற்கும் இந்தக் கடையே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சம்பளம் கொடுக்க வேண்டும், சரி. வல்ஹல்லாவில் ரெடா என்ற சிறுவன், கேமுக்குள்ளேயே கிடைக்கும் ஓபல் கற்களுக்குச் சில கடைப் பொருள்களைத் தருவதும் நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அவனிடம் இன்று என்ன இருக்கும் என்பது நம் கையில் இல்லை, அந்தப் பொருளுக்குப் போகும் பாதையும் இல்லை.

அடுத்த வைக்கிங் கேமில், கடைக்கு வரும் ஒவ்வொரு கவசத்துக்கும் உலகத்துக்குள்ளேயே ஒரு வழி வையுங்கள். ஒரு கல்லறையோ, எளிதில் தோற்கடிக்க முடியாத ஒரு கிழவியோ, கரையொதுங்கிய ஒரு படகோ போதும். அவசரப்படுபவர் வாங்கிக்கொள்ளட்டும். எங்களைப் போன்றவர்கள் இரவில் ஒரு மணி நேரமாக நடந்தே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளை நேசிக்கும் ஒருவன்