சொற்பட்டியலை மனனம் செய்யும் மகளுக்காக

கிளிநொச்சி

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. இங்கு யாவரும் நலம். காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. மழையும் இம்முறை பயிருக்கு ஏற்றபடியே பெய்துவருகிறது. உமது மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்து, அவள் இங்கு கிளிநொச்சியில் உள்ள அறிவியல்நகருக்கு வரப்போகிறாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று இப்போதே சொல்லிவிடும்.

கடினமான ஆங்கிலச் சொற்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, நாளுக்கு முப்பது சொல் வீதம் தமிழ்ப் பொருளோடு அவள் மனனம் செய்வதாக எழுதியிருந்தீர். அவளது உழைப்பை மனதார மதிக்கிறேன். ஆனால் அந்த வழி அவளுக்கு வேண்டியதைக் கொடுக்காது என்பதே எனது எண்ணம். பின்னேரங்களில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தித் திருத்தி உண்டான எண்ணம் இது.

சென்ற வாரம் உயர்தர மாணவி ஒருத்தி தன் கொப்பியைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் அடிமட்டம் வைத்துக் கீறிய சிவப்புக் கோடு. இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் அதன் தமிழ்ப் பொருள். ‘மிற்றிகேற்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘தணித்தல்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதும்படி கேட்டேன். தண்ணீர் குடித்துத் தன் தாகத்தை மிற்றிகேற் செய்ததாக எழுதினாள். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. தமிழில் நாம் தாகத்தையும் தணிக்கிறோம், கோபத்தையும் தணிக்கிறோம், சூட்டையும் தணிக்கிறோம். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் வெவ்வேறு வினைகள் உண்டு, தாகத்துக்கு உரியது ‘குவென்ச்’. ‘மிற்றிகேற்’ என்பதோ பாதிப்பு, ஆபத்து, இழப்பு போன்றவற்றுடன்தான் சேர்ந்து வரும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும்போது தாழ்நில வயல்களுக்கு உண்டாகும் வெள்ளப் பாதிப்பைக் குறைக்க என்ன செய்யலாம் என்று எழுதச் சொன்னேன். அந்த வாக்கியத்தில் அச்சொல் தன் இடத்தில் வந்து அமர்ந்தது. பிறகு அவளாகவே மேலும் இரண்டு வாக்கியங்களைச் சரியாக எழுதினாள்.

ஒரு சொல்லின் பொருளில் பாதி, அது எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்பதில் இருக்கிறது. நடுவில் கோடு கீறிய கொப்பியில் அந்தப் பாதிக்கு இடமே இல்லை. ஆகவே மகள் எந்தப் புதிய சொல்லை எழுதினாலும், அது வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதட்டும். தமிழ்ப் பொருளை அதன் கீழே சிறிதாகக் குறித்துக்கொள்ளட்டும். தமிழ்ப் பொருளே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாய்மொழியில் பிடி கிடைத்தால்தான் சொல் மனதில் நிற்கும்.

எந்தச் சொற்களைப் படிப்பது என்பது அடுத்த கேள்வி. அவளது புத்தகத்தில் உள்ள ‘யுபிக்குவிற்றஸ்’, ‘பிளெத்தொறா’ போன்றவை அழகான சொற்கள்தாம். ஆனால் தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்துவிட்டு, முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கப்போகும் பிள்ளைக்கு அவை அவசரமானவை அல்ல. உயர்தரப் பொது ஆங்கிலப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை என்பதால் நம் பிள்ளைகள் அப்பாடத்தை ஒதுக்கிவைக்கிறார்கள். அதன் சுமை பீடத்தின் வாசலில்தான் தெரியவருகிறது. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அவெரில் கொக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய துறைகளின் எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 35 இலட்சம் சொற்களைத் திரட்டி, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுதிகளை, 2000ஆம் ஆண்டில் பட்டியலாக வெளியிட்டார். கல்வி சார்ந்த எழுத்தில் பத்துக்கு ஒரு சொல் இந்தப் பட்டியலுக்குள் அடங்கும். ‘அனலைஸ்’, ‘அசியூம்’, ‘வேரி’, ‘சிக்னிபிக்கன்ற்’ போன்றவை முதற் பகுதியிலேயே வருகின்றன. பார்வைக்கு எளியவையாகத் தோன்றினாலும் இவற்றிலேதான் ஆழம் அதிகம். ‘சிக்னிபிக்கன்ற்’ என்றால் ‘முக்கியமான’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதே அறிவியல்நகரில் உள்ள விவசாய பீடத்து மாணவர், இரண்டு நெல்லினங்களின் விளைச்சலில் ‘சிக்னிபிக்கன்ற்’ வேறுபாடு இருப்பதாக எழுதினால், அந்த வேறுபாடு தற்செயலாக மட்டும் வந்திருக்கும் என்று எளிதில் கொள்ள முடியாது என்றே பொருள். அது பெரிய வேறுபாடு என்றோ முக்கியமான வேறுபாடு என்றோ பொருளாகாது.

நாளுக்கு முப்பது என்பதையும் குறைக்கச் சொல்லும். ஜெர்மனிய உளவியலாளர் எபிங்கவுஸ் 1885இல் தன்னையே சோதித்து வெளியிட்ட முடிவுகள் இன்றும் பொருந்துகின்றன: படித்தது முதலில் மிக விரைவாக மறக்கும், பிறகு மெதுவாக மறக்கும், ஒரே இருப்பில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டு மீட்டுவதே நிலைக்கும். செபஸ்தியான் லைட்னர் 1972இல் இதற்கென அட்டைப் பெட்டி முறையொன்றைச் சொன்னார். எங்கள் பிள்ளைகள் பழைய கலியாண அழைப்பிதழ்களின் எழுதாத பக்கத்தை அட்டையாக வெட்டி, பிஸ்கற் ரின்னுக்குள் மட்டையால் தடுப்பு வைத்து அதைச் செய்கிறார்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், அதை மீட்டும் இடைவெளியும் கூடும்; தவறியது முதல் தடுப்புக்கே திரும்பிவிடும். அட்டையின் முன்பக்கம் தனிச் சொல்லை எழுதாமல், அச்சொல் விடுபட்ட வாக்கியத்தை எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த முறை.

அகராதியைப் பற்றியும் கேட்டிருந்தீர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்போருக்கென ஹோர்ன்பி தொகுத்த அகராதியின் ஆக்ஸ்போர்ட் பதிப்பு ஒன்று போதும். ஒவ்வொரு சொல்லும் வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்று அதில் காட்டப்பட்டிருக்கும். உமது அலுமாரியில் இருக்கும் பழைய பிரதியையே கொடுத்துவிடும்; புதிதாக வாங்கத் தேவையில்லை.

கொக்ஸ்ஹெட் பட்டியலின் முதற் பகுதியில் 60 சொற்குடும்பங்கள் உள்ளன. அதைக் கையால் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வாக்கியத்தில் வைத்து எழுதத் தெரியாதவற்றுக்கு மட்டும் மகள் அடையாளமிட்டு, அந்தத் தாளை உமது அடுத்த கடிதத்தோடு அனுப்பட்டும். அவள் வருமுன் அவற்றுக்கான வாக்கியங்களைப் பொறியியல் பாடக் குறிப்புகளிலிருந்தே எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உமது அன்பு நண்பன்