பெத்சாய்தாவில் இரண்டாம் முறை

தங்கச்சிமடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் சுகம்தானே? குடியை விடத் தவிக்கிறவர்கள் வீட்டுக்குத் துணையாகப் போகிறேன் என்றதும், "நம்ம வீட்டுல யாரும் குடிக்கிறதில்லையே, உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று போனில் கேட்டாய். சரி, நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் கடிதம்.

மீன்பிடித் தடைக்காலம் உனக்குத் தெரியும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில். காசில்லாவிட்டால் குடி குறையும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே கடன் ஏறும், பொண்டாட்டி தோடு அடகுக்குப் போகும். போன தடைக்காலத்தில் அன்பியக் கூட்டத்தில், அதுதான் நம் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற கூட்டத்தில், எதற்காகச் செபிக்கவேண்டும் என்று கேட்டபோது ஒரு பெண் எழுந்தாள். "செபம் நிறையப் பண்ணியாச்சு. எங்க வீட்டுக்காரரு குடியை விடணும்னுதான் சொல்றாரு. பொழுது சாய்ஞ்சா இருப்புக்கொள்ளல. அந்த நேரத்துல யாராவது எங்க வீட்டுல வந்து உட்காருங்க" என்றாள். நான் வருகிறேன் என்றேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு முடியாது பாப்பா. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும், உயிரே போகலாம். கோயிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் பூட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்தி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. டாக்டர் மருந்து கொடுத்து, தயமின் என்கிற வைட்டமின் ஊசி போட்டு, ஆள் தெளிந்தபிறகுதான் நம் வேலை.

அது என்ன வேலை என்பது பைபிளில் மாற்கு நற்செய்தி 8-ஆம் அதிகாரத்தில் எனக்குப் பிடிபட்டது. பெத்சாய்தா இயேசுவின் சீடர் பேதுருவின் ஊர், நம்மைப் போலக் கடலை நம்பிய ஊர்... கடல் என்றால் அங்கே கலிலேயா ஏரி. பார்வையில்லாத ஒருவரை இயேசு கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். முதல் முறை கைவைத்ததும் அவருக்குப் பார்வை சரியாக வரவில்லை. மனிதர்கள் மரங்கள் போலத் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிறார்கள் என்கிறார். உனக்கு விசுவாசம் போதாது என்று இயேசு சொல்லவில்லை. மறுபடியும் கைவைத்தார். நேரே வீட்டுக்குப் போ, ஊருக்குள் நுழையாதே என்று அனுப்பினார்.

நாங்கள் போய் உட்கார்ந்த வீட்டுக்காரர் விட்டார், மறுபடி குடித்தார், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தெருவே கைகழுவிவிட்டது. அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் அந்த வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரே தியானக் கூட்டத்தில் குணமாகிறவர்களுக்குச் சாட்சி சொல்ல மேடை இருக்கிறது. இரண்டாம் முறை கைவைக்க வேண்டியவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஆண்டவர் என்னைக் கூப்பிட்டது இதற்குத்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் அமெரிக்காவில் குடியால் தவித்த இரண்டு பேர் ஆரம்பித்தது. அது எந்தச் சபையையும் சேர்ந்ததில்லை, விடவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். ஆனாலும் குடியிலிருந்து மீள அவர்கள் வைத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் ஐந்தாம் படியைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது: செய்த தவறுகளைக் கடவுளிடமும், தன்னிடமும், இன்னொரு மனிதரிடமும் ஒத்துக்கொள்வது. ஒன்பதாம் படி, கெடுதல் செய்தவர்களுக்கு ஈடுகட்டுவது. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று பைபிளில் வரிதண்டுகிற சக்கேயு இயேசுவிடம் சொன்னாரே! அந்த மாதிரிக் கூட்டத்தைக் குடித்து மீண்டவர்கள்தான் நடத்தவேண்டும், நான் நடத்தக்கூடாது. அவர்கள் வீட்டுப் பெண்களோடு என்னால் உட்காரமுடியும். ஒருத்தி அழுதது பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் காப்பாற்றவும் முடியும். நம் தெருவில் அது பெரிய காரியம்.

இதற்காக ஃபாதர், கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கிற அறையைச் சாயங்காலங்களில் தருகிறார். முறையாகப் பயிற்சி எடுக்கச் சொன்னார், எடுக்கப்போகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். பேரனின் பள்ளி லீவும் எங்கள் தடைக்காலமும் ஒன்றாக வருகிறது. இனி ஏப்ரல், மே மாதம் கோயம்புத்தூர் வந்து பேரனைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது. உனக்கு வேலையில் எவ்வளவு சிரமம் என்று தெரிந்தே சொல்கிறேன். பிள்ளையை இங்கே கொண்டுவந்து விடு. பகலில் நான், சாயங்காலம் அப்பா. மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
அம்மா