ஆலா முட்டையிடும் மாதங்களில் மட்டும்

வன்னிக் கரையோரச் சரணாலயங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து எழுதுகிறேன். விஷயம் ஆலா என்ற கடற்பறவைகளைப் பற்றியது.

கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம். 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவானது. நந்திக்கடலும் 2017இல் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் ஏறியது. காகிதத்தில் எங்கள் பறவைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கரையில் முட்டை தப்புவதில்லை.

சின்ன ஆலா கூடு கட்டாது. வெறும் மணலில் சிறு பள்ளம் பறித்து இரண்டு மூன்று முட்டை இடும். முட்டையும் மணல் நிறம்தான், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமர்ந்த பிறகு அது இடத் தொடங்கும். கரைவலைக்காரருக்கும் அதுதான் காலம். வலை இழுக்கும் உழவு இயந்திரம் காய்ந்த மேட்டுமணலில் ஓடினால் முட்டை சக்கரத்துக்குள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. எங்கே மீன் நிற்கிறதென்று ஆலா விழுவதைப் பார்த்துச் சொல்பவர்களே எங்கள் ஆட்கள்தானே. வாடி என்கிற மீனவர் கொட்டிலடியில் கொட்டும் மீன்கழிவுக்கு நாயும் காகமும் வரும், அப்புறம் முட்டைக்கும் போகும். ஆள் நடமாட்டத்தில் தாய் எழும்பிப் பறந்தால், மத்தியான வெயிலே முட்டையை அவித்துவிடும்.

இதற்காக இன்னொரு எல்லைக்கல் நடவேண்டாம். போர் முடிந்து மீள்குடியேறி வந்தபோது தங்கள் காணியில் கல் நட்டிருக்கக் கண்ட சனம் இது. பறவை என்று யாராவது வாய் திறந்தாலே, அடுத்தது காணி என்றுதான் அவர்களுக்குக் கேட்கும். அந்தப் பயம் நியாயமானது.

நான் கேட்பது சிறிது. ஆலா இறங்கிய மணல்திட்டைச் சுற்றி மட்டும் கம்பும் கயிறும் கட்டுங்கள். முட்டை பொரிக்க மூன்று கிழமை, குஞ்சு பறக்க இன்னும் மூன்று கிழமை அளவில் போகும். முதல் முட்டை அழிந்தால் திரும்ப இடும் என்பதால் சில மாதம் வைத்திருந்து, குஞ்சு பறந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடலாம். காவலுக்குக் கடற்றொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகளையே சம்பளத்துக்கு எடுங்கள். ஈரமணலோடு ஓட்டச் சொன்னால் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் கேட்பார்கள், ஆனால் அதைச் சங்கம் சொல்லவேண்டும், சீருடை அல்ல. நாய்களைக் கொல்லவும் வேண்டாம்; கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டு, கழிவைப் புதைக்க வழி செய்தால் பெரும்பகுதி சரியாகும். பிரித்தானியக் கடற்கரைகளில் இதே சின்ன ஆலாவை வேலியும் காவலாளுமாகத்தான் காக்கிறார்கள்.

பறவை விட்டுப்போன திட்டுகளையும் கைவிடவேண்டாம். அமெரிக்காவின் மெயின் கரையில், ஸ்டீபன் கிரெஸ் என்பவர் 1973இல் ஒரு வெறுந்தீவுக்குப் பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார். பிறகு மரப்பொம்மைப் பறவைகளையும் வைத்தார். 1981இல் அங்கே பஃபின் திரும்பக் குஞ்சு பொரித்தது. பொம்மையும் ஒலிப்பதிவும் ஆலாக்களையும் அழைத்து வந்தன. எங்கள் தச்சர்களுக்கு ஒரு ஆலாப் பொம்மை செதுக்குவது பெரிய வேலையல்ல. எட்டு வருடம் பொறுப்பதுதான் கஷ்டம்; இங்கே திட்டங்கள் நிதி முடிந்த அன்றே முடிந்துவிடுகின்றன.

மாசி முடியுமுன், கரைவலைக்காரர் வாடி போடுமுன், ஒருநாள் வாருங்கள். சங்கக் கட்டடத்தில் இருந்து பேசுவோம். எந்தத் திட்டில் போன வருடம் ஆலா இருந்ததென்று அங்கேயே காட்டுவார்கள்.

இப்படிக்கு,
கரையோரவாசி ஒருவர்